ரெடிமேட் கேமிங் கம்பியூட்டர்: பெயர் சொல்லாத பாகத்தைப் பாருங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, டவுனில் ஒரு கடையில் கேமிங் பிசி ஒன்று பார்த்தேன். ஐ7 புரொசசர், 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், 1 டிபி, கலர் லைட் போட்ட கண்ணாடிக் கேசிங். எல்லாம் பூட்டி ரெடியாக இருக்கு. பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட எனக்குத் தெரியாது. இது தரமான மெஷினா என்று எப்படிப் பார்ப்பது? வலோரண்ட், ஜிடிஏ 5 விளையாடத்தான். ஏஎல் பரீட்சை முடிந்த பிறகு கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் செய்வேன்."

தம்பி, நீங்கள் எழுதிய இந்த வரியை வைத்து அது நல்லதா கூடாததா என்று யாராலும் சொல்ல ஏலாது. அதில் நாலு எண் இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. பதினைந்து வருடமாக இந்தத் திருகோணமலையில் கம்பியூட்டர்களைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். விளம்பரத்தில் எந்தப் பாகத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டார்களோ, அந்தப் பாகத்தில்தான் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள். இந்தக் கணக்கு எனக்கு அநேகமாகப் பிழைத்ததில்லை. நல்ல பாகம் போட்டவர் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார், அதைச் சொல்லித்தானே விலை கேட்பார்!

முதலில் அந்த ஐ7. சந்தையில் "மீன் இருக்கு" என்றால் வாங்கிவிடுவீர்களா? பாரையா சூடையா, இன்றையதா நேற்றையதா என்று கேட்பீர்கள். ஐ7 என்பதும் வெறும் "மீன்"தான். ஐ7-2600 வந்தது 2011இல். ஐ7-3770 அடுத்த வருடம், ஐ7-4790 2014இல். இந்த மூன்றும் வெளிநாட்டு ஆபிஸ்களில் பாவித்துக் கழித்த மெஷின்களோடு கப்பலேறி இங்கே வந்து, புதுக் கண்ணாடிக் கேசிங்குக்குள் குடியேறி, "கேமிங் ஐ7" என்ற பெயரில் விற்கப்படுகின்றன. 2022இல் வந்த ஐ3-12100எஃப் என்ற சின்னப் புரொசசருக்கும் அந்த 4790 போலவே நாலு கோர் (கணக்குப் போடும் மூளை), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). ஆனால் விளையாட்டில் பழைய ஐ7 அதற்குக் கிட்டவும் வராது. ஆகவே கடைக்காரரிடம் முழு மொடல் எண்ணைக் கேளுங்கள். ஐ5-12400எஃப் என்றால் 12ஆம் தலைமுறை. கடைசியில் இருக்கும் எஃப் என்பதற்கு அர்த்தம், உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பது. அது குறையல்ல, கார்ட் பழுதானால் திரையே வராது என்று தெரிந்திருந்தால் போதும்.

வலோரண்ட் என்று சொன்னதால் இன்னொன்று. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுக்கிறார்கள். பார்த்தால் வடிவாகத்தான் ஓடும். வலோரண்டைத் திறந்தால்தான் "வான் 9001" என்று ஒரு பிழைச்செய்தி வந்து நிற்கும். விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0வையும், மெஷின் தொடங்கும்போதே சோதிக்கும் செக்யூர் பூட் என்ற வசதியையும் கட்டாயம் கேட்கிறது. கடையில் ஜிடிஏயை ஓட்டிக் காட்டி விற்றுவிட்டால், வீட்டுக்குப் போன பிறகுதான் உங்களுக்கு இது தெரியவரும்.

அடுத்தது "8 ஜிபி கிராபிக்ஸ்". 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580க்கும் 8 ஜிபி உண்டு, 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கும் 8 ஜிபிதான். நினைவகத்தின் அளவை வைத்துக் கார்டின் பலத்தைச் சொல்வது, டாங்கி எத்தனை லீற்றர் என்று பார்த்து மோட்டார் சைக்கிளின் வேகத்தைச் சொல்வது போன்றது. ஒரே பெயருக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஆர்எக்ஸ் 580 என்று வரும் கார்ட்களில் ஒரு வகைக்கு 2304 கோர், இன்னொரு வகைக்கு 2048 மட்டும். ஆர்டிஎக்ஸ் 3050யிலும் அப்படியே: 8 ஜிபி வகைக்கு 2560 கோர், 2024இல் வந்த 6 ஜிபி வகைக்கு 2304. குறைந்தது நினைவகம் மட்டும்தான் என்று நினைத்து வாங்குவோம், உள்ளே கார்டே சின்னது. ஜிபியு-இசட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷேடர்ஸ் என்ற இடத்தில் கோர் எண்ணிக்கை தெரியும். பழைய கார்டின் பயோஸ் என்ற உள் மென்பொருளை மாற்றிப் புதுப் பெயர் ஒட்டியிருந்தால், பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே அடையாளம் போட்டுக் காட்டும்.

கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் வேலை செய்த கார்ட்களைப் பற்றியும் கேட்பீர்கள். 2022 செப்டெம்பரில் எதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடிய கார்ட்கள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. எல்லாம் கூடாதவை என்று சொல்லமாட்டேன். என் மேசையில் இருக்கும் கார்டும் அப்படி வந்ததுதான். பாவித்தது என்று சொல்லிப் பாவித்த விலைக்குத் தந்தால் வாங்கலாம், புதுசு என்று தந்தால்தான் பிரச்சினை. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் ஓரத்தில் எண்ணெய் கசிந்த மாதிரி ஒரு பிசுபிசுப்பு, திருகாணித் தலையில் கழற்றிப் பூட்டிய கீறல், ஃபேனைச் சுற்றினால் வரும் கரகரச் சத்தம் ஆகியவற்றைப் பாருங்கள்.

இனிப் பவர் சப்ளை, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. பதினைந்து வருடத்தில் நான் பார்த்த பெரிய அழிவுகளில் அதிகம் இதனால் வந்தவைதான், அதனால் இதில் கொஞ்சம் மினக்கெடப் போகிறேன்.

சாம்பல்தீவில் இருக்கும் என் மருமகன் ஒருவன் கொழும்பில் ஒரு செட் வாங்கி வந்தான். ஆர்டிஎக்ஸ் 3060, ஐ5-12400எஃப். இரண்டும் அசல், இரண்டும் நல்லவை. பவர் சப்ளை "600 வாட்" என்று மட்டும் பில்லில் இருந்தது. நாலு மாதம் ஓடியது. பிறகு ஆடிமாதக் கச்சான் காற்றுக் காலத்தில், மத்தியானத்தில் விளையாடும்போது திரை கறுத்து மெஷின் தானாக நிற்கத் தொடங்கியது. பின்னேரமானால் ஓடும். "வெக்கைதான் மாமா" என்றான். நானும் ஒரு கிழமை அலட்சியமாக இருந்துவிட்டேன், அது என் பிழை. ஒரு நாள் டப்பென்று சத்தம், கருகல் மணம்.

கழற்றி மேசையில் வைத்தேன். கையில் எடுத்தபோதே விளங்கிவிட்டது, ஒரு றாத்தல் பாணைத் தூக்குகிற மாதிரி லேசாக இருந்தது. உள்ளே இரும்பும் செம்பும் அலுமினியமும் இருக்க வேண்டிய பெட்டி அது. பக்கத்தில் பெரிய எழுத்தில் 600 வாட். மறுபக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை, அதில் +12 வோல்ட் என்ற வரிக்குக் கீழே 18 அம்பியர். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216. இன்றைய கம்பியூட்டரில் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான். 3060 தனியே 170 வாட் கேட்கும், அந்தப் புரொசசர் உச்சத்தில் 117 வாட் வரை போகும். கூட்டினால் 287. எல்லாப் பாகமும் பூட்டும் மதர்போட், ஃபேன், டிஸ்க் இன்னும் சேரவில்லை. 216ஐத் தரக்கூடிய ஒன்றிடம் 287ஐக் கேட்டால், குளிர்ந்த நேரத்தில் எப்படியோ சமாளிக்கும், கச்சான் அடிக்கிற மத்தியானத்தில் கைவிட்டுவிடும். போகும்போது மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கார்ட் தப்பியது பெரிய புண்ணியம்.

ஆகவே பவர் சப்ளையின் வாட் எண்ணைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் வரியைப் பாருங்கள். 550 வாட் என்று எழுதிய ஒழுங்கான சப்ளை ஒன்றில் அந்த வரி 40 அம்பியரைத் தாண்டி இருக்கும். இப்போதைய கேசிங்களில் பவர் சப்ளை கீழே ஒரு மூடிக்குள் ஒளிந்திருப்பதால் லேபல் தெரியாது. வலப்பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள், இரண்டு திருகாணிதான். கழற்றியதும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயரையும் பின்தொடர்ந்து பாருங்கள். அது சப்ளையில் இருந்து நேராக வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் வெள்ளை மொலெக்ஸ் பிளக்குகளில் ஒரு மாற்றியைப் பூட்டிக் கார்டுக்குக் கொடுத்திருந்தால், அந்தச் சப்ளை இப்படி ஒரு கார்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை என்று அர்த்தம். மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் 80 பிளஸ் ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லவேண்டும். அது சொல்வது மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும்தான். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு புரோன்ஸ் தரம் 85 சதவீதம், கோல்ட் தரம் 90 சதவீதம். பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, கெப்பாசிட்டர் நல்லதா என்பதை அது சொல்லாது. அப்படி ஒரு சான்றிதழும் இல்லாமல் அதே மாதிரி ஒரு வட்டத்தை அச்சடித்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் தெரிந்த பிராண்ட், முழு மொடல் எண் இரண்டும் இருந்தால் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். "நல்ல சப்ளை தம்பி, பயப்படாதீங்க" என்ற வாய்ச்சொல்லைத் தேட ஏலாது.

மதர்போட்டில் பார்க்க வேண்டியது குறைவு. எச்610 என்ற வகை என்றால் அடிமட்டம், ராம் பூட்ட இரண்டு இடம்தான் இருக்கும். ஐ3, ஐ5க்கு அது போதும். அதன்மேல் ஐ7, ஐ9 பூட்டி விற்றால் சந்தேகப்படுங்கள். புரொசசரைச் சுற்றி இருக்கும் மின்பகுதியில் அலுமினியத் துண்டு ஒட்டாத போட்டில் பெரிய புரொசசர் வெக்கையில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐ7க்குக் காசு கொடுத்து ஐ5 ஓட்டுவீர்கள். கழித்த ஆபிஸ் மெஷினாக இருந்தால் இன்னொரு சிக்கல்: சிலவற்றில் பவர் சப்ளையின் பிளக்கும் போட்டின் வடிவமும் அந்தக் கம்பனிக்கே உரியவை. ஒன்று பழுதானால் கடையில் வாங்கி மாட்ட ஏலாது.

ராமில் 16 ஜிபி என்பது ஒரே குச்சியா, 8ம் 8மாக இரண்டா என்று கேளுங்கள். இரண்டாக இருந்தால் இரண்டு பாதையில் தரவு ஓடும், ஒன்றாக இருந்தால் விளையாட்டில் வேகம் குறையும். டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை இடத்தில் பூட்டியிருக்கிறது என்பதும் வேகமும் அங்கேயே தெரியும். 3200 என்று எழுதிய ராம் 2133 என்று காட்டினால் மதர்போட்டின் பயோஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அது பழுதல்ல, ஒரு நிமிட வேலை. ஆனால் அதைக்கூடச் செய்யாதவர் மற்ற வேலைகளை எவ்வளவு கவனமாகச் செய்திருப்பார் என்று யோசிப்பேன்.

"1 டிபி" என்பது சுற்றும் பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டியா, சுற்றும் ஹார்ட் டிஸ்கா? இந்தக் காலத்தில் விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கவேண்டும், இதில் பேச்சே இல்லை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். "புத்தம் புது" செட் ஒன்றில் 31,000 மணி நேரம் ஓடிய ஹார்ட் டிஸ்கைப் பார்த்திருக்கிறேன். இரவு பகல் நிற்காமல் ஓடியிருந்தாலும் மூன்றரை வருடம்.

இனி நம் ஊரின் விசயம். வெளிநாட்டுக்காரர் செய்யும் விமர்சன வீடியோக்களில் இது வராது. மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வெறும் சூடாக நம் பக்கம் இறங்குகிற காற்றுத்தான் கச்சான். அந்த மாதங்களில் திருமலையில் வீட்டுக்குள்ளேயே 34, 35 பாகை இருக்கும். கடையில் ஏசி போட்டு 23, 24 பாகையில் மெஷினை ஓட்டிக் காட்டுவார்கள். கார்டின் சூடு என்பது அறையின் சூட்டோடு கூடுகிற கணக்கு. கடையில் 76 பாகை காட்டிய கார்ட், உங்கள் வீட்டில் அதே ஃபேன் வேகத்தில் 87க்குப் போகப் பார்க்கும். பல கார்ட்கள் 83 பாகை அளவிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கடையில் 20 நிமிடம் விளையாட்டையோ ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளையோ ஓட்டி, வரும் எண்ணோடு பதினொன்றைக் கூட்டிப் பாருங்கள். 80க்குள் நின்றால் சந்தோசம்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங் படம் எடுக்கத்தான் நல்லது. உள்ளே மூன்று கலர் ஃபேன் சுற்றினாலும் காற்று வருவதற்கு வழி இல்லையென்றால் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பும். முன்பக்கம் வலை போட்டதாகத் தேடுங்கள். உங்கள் கையை முன்னால் வைத்தால் காற்று உள்ளே இழுபடுவது தெரியவேண்டும்.

அடுத்தது உப்புக்காற்று. நீங்கள் உப்புவெளி, பெயரிலேயே இருக்கிறது. கடற்கரைக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் இருந்து வரும் மெஷின்களில் முதலில் துருப்பிடிப்பது பின்பக்கத் திருகாணிகளும், கார்டின் தகட்டு விளிம்பும், யுஎஸ்பி வாய்களும். மெல்லிய தகட்டுக் கேசிங் என்றால் இன்னும் கெதியாகப் பிடிக்கும். இதைச் சொல்வதற்குக் காரணம் வொரண்டி. பில்லைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று பல கடைகளில் இருக்கும், அது இங்கே வழக்கமாகிவிட்டது. அதற்குக் கீழே மின்னல், எரிந்த தடம், துரு ஆகியவற்றுக்கு வொரண்டி இல்லை என்று ஒரு வரி இருக்கும். மருமகனின் மதர்போட்டைக் கொண்டுபோனபோது பின்பக்கத் தகட்டில் இருந்த ஒரு துருப்புள்ளியைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள். போட் எரிந்ததற்கும் அந்தப் புள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எவ்வளவோ கதைத்துப் பார்த்தோம், பலிக்கவில்லை. மெஷினை யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். வாங்கிய அன்றே நாலு பக்கமும் படம் எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள்.

பில்லில் "கேமிங் பிசி - 1" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மொடல், சீரியல் எண், வொரண்டிக் காலம் தனித்தனியாக வேண்டும். பாகங்கள் வந்த பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியே இல்லை என்று சொல்லும் பாகத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கொழும்பில் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பம்பலப்பிட்டியில் ஒரே கட்டடத்தில் பத்துக் கடை ஏறி இறங்கி விலை பேசலாம், தெரிவும் அதிகம், உண்மைதான். ஆனால் 260 கிலோமீற்றர். ஒரு ராம் பழுதானாலும் ஒரு இரவுப் பயணமும் ஒரு நாள் லீவும் போகும். விலை வித்தியாசம் பத்துச் சதவீதத்துக்குள் என்றால் நான் இங்கேதான் வாங்குவேன். தெரிந்த கடைக்காரர் என்றால் ஏகாம்பரம் வீதியில் தேத்தண்ணீர் குடிக்கும்போதுகூடப் பிடித்துக் கேட்கலாம். கொழும்பில் வாங்கினால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாகத் தரச் சொல்லுங்கள். பாரமான கார்ட் பூட்டியபடி பஸ்ஸில் வந்தால் ஹபரணைக்கு வருமுன்பே குலுங்கிக் குலுங்கி, மதர்போட்டில் அது பூட்டியிருக்கும் இடுக்கு வெடித்துவிடலாம்.

மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் மெஷினை ஓட வைக்கும் யூபிஎஸ்ஸுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது ஞாபகம் இருக்கும். 650 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும். சின்ன மெஷினுக்கு மூடிவைக்க நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டுச் சுவர்ப் பிளக்கில் எர்த் வயர் உண்மையில் இணைத்திருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டு பாருங்கள். கேசிங்கைத் தொட்டால் கை சுணைக்கிறது என்று வருபவர்களின் வீட்டில் பத்துக்கு எட்டு அந்தப் பிரச்சினைதான்.

உங்கள் கடைக்கே திரும்புவோம். நாளைக்குப் போய் ஆறு விசயம் கேளுங்கள்: புரொசசரின் முழு எண், கார்டின் முழுப் பெயர், மதர்போட் மொடல், ராம் எத்தனை குச்சி, டிஸ்க் என்ன வகை, பவர் சப்ளை லேபலின் படம். ஐ7-4790யும் ஆர்எக்ஸ் 580யும் என்று பதில் வந்தால், அது பாவித்த மெஷின். பாவித்த விலைக்கு ஜிடிஏ 5 நன்றாக ஓடும், வலோரண்டுக்கும் எடிட்டிங்குக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். 12ஆம் தலைமுறை ஐ5யும் ஆர்டிஎக்ஸ் கார்டும் வந்து, பவர் சப்ளை மட்டும் பெயரில்லாததாக இருந்தால், மெஷினை விட்டுவிடத் தேவையில்லை. அதை மட்டும் நல்லதாக மாற்றித் தாருங்கள், வித்தியாசத்தைத் தருகிறேன் என்று பேசுங்கள். பெரும்பாலான கடைக்காரர் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் அந்தச் செட் திரும்பி வராமல் இருப்பதுதான் நல்லது. படத்தை எனக்கு அனுப்புங்கள், 12 வோல்ட் வரி தெளிவாகத் தெரியும்படி கிட்ட வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் போடவேண்டாம், லேபல் மினுங்கி எழுத்து மறைந்துவிடும்.